பத்தாயிரம் பேருக்கு ஒரு குசினி

நம் ஊர்களில் 500 பேருக்கு ஒரு வலீமா விருந்து கொடுப்பதென்றால் அந்த வீட்டார் படும் பாடு வாசகர்களாகிய உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மாதத்துக்கு முன்பே நல்ல சமையற்காரரைப் பிடிக்க வேண்டும். அரிசி, இறைச்சி, கோழி, நெய், மரக்கறி என்று பட்டியல் நீளும். முதல் நாள் இரவே முற்றத்தில் கிடாரங்கள் ஏறிவிடும். எத்தனை சஹன் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். அப்படியிருந்தும் கடைசிப் பந்தியில் இறைச்சி குறைந்துவிட்டது என்று ஒரு பேச்சு எழும். வீட்டுப் பொடியன் ஒருவன் சைக்கிளில் கடைக்கு ஓடுவான்.

இப்போது சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். விருந்தாளிகள் 7,600 பேர். அவர்களுக்குப் பரிமாறவும் ஏனைய வேலைகளைப் பார்க்கவும் 2,350 ஊழியர்கள். அவர்களுக்கும் பசிக்கும். நாளுக்கு மூன்று வேளை, அதற்கிடையில் கேட்டபோதெல்லாம், இப்படி ஏழு நாட்கள் விருந்து நடக்க வேண்டும். சுற்றிலும் கடல். சைக்கிளில் ஓடிப்போய் வாங்கிவர ஒரு பெட்டிக்கடை கூடக் கிடையாது.

அமெரிக்காவின் மியாமித் துறைமுகத்திலிருந்து 2024 ஜனவரி 27ஆம் திகதி தனது முதற் பயணத்தைத் தொடங்கிய "ஐகோன் ஒஃப் த சீஸ்" என்ற உல்லாசக் கப்பலின் கணக்கு இது. அறைக்கு இருவர் வீதம் எடுத்தால் 5,610 பயணிகள். பிள்ளைகளுடன் குடும்பங்கள் வந்து எல்லாக் கட்டில்களும் நிறைந்தால் 7,600. ஊழியரையும் சேர்த்தால் ஏறத்தாழப் 10,000 பேர். மூன்று வேளைச் சாப்பாட்டை மட்டும் கணக்கிட்டாலும், கப்பல் நிறைந்திருக்கும் ஒரு வாரத்தில் 2 இலட்சத்து 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றி நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கப்பலில் ஏறும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்றும் கேட்கலாம். பயணியாக ஏறுவோர் குறைவுதான். ஆனால் அந்தச் சாப்பாட்டைச் சுமந்து செல்வோராக ஏறுகிறவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். ஹோட்டல் பாடநெறி முடித்த பிள்ளைகள் கையில் ஒரு வர்ணப் பிரசுரத்துடன் வந்து, "ஹஸரத், கப்பல் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். பிரசுரத்தில் இருப்பவை மேல்மாடிப் படங்கள் மட்டுமே. ஆகவேதான் மேல்மாடியோடு கீழ்மாடியையும் சேர்த்து எழுத நினைத்தேன்.

கப்பலா, ஊரா?

பின்லாந்து நாட்டின் தூர்க்கு நகரிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் உருவானது இக்கப்பல். நீளம் ஏறக்குறைய 365 மீற்றர். 20 மாடிகள். மொத்தக் கொள்ளளவு 248,663 தொன். இந்தத் "தொன்" என்பது நிறையல்ல. கப்பலின் உட்புறப் பருமனை அளக்கும் ஓர் அளவை. 1912இல் மூழ்கிய டைட்டானிக் 46,328 தொன், 269 மீற்றர் நீளம். ஆக, ஐந்து டைட்டானிக்குகளை உள்ளே அடக்கும் அளவுக்கு இதன் வயிறு பெரியது. இதே வகையைச் சேர்ந்த "ஸ்டார் ஒஃப் த சீஸ்" என்ற இன்னொரு கப்பலும் 2025 ஓகஸ்டில் ஓடத் தொடங்கிவிட்டது.

உள்ளே என்னதான் இல்லை! 7 நீச்சல் தடாகங்கள், 6 நீர்ச்சறுக்குகள், ஐஸ் மேல் வழுக்கி ஆடும் அரங்கு, நாடக மண்டபம், ஏறி விளையாடச் செயற்கைப் பாறை, சிறு பிள்ளைகளுக்கு ராட்டினம். கப்பலின் நடுவே வானம் தெரியும்படி ஒரு பூங்கா. அதில் உண்மையான மரஞ்செடிகள். அந்தப் பூங்காவைப் பார்த்தபடி பல்கனிகளும் இருக்கின்றன. கடலுக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூங்காவைப் பார்த்திருக்கவும் மக்கள் பணம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்காத விடயங்களில் ஒன்று.

கப்பல் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வாகனமாக இருந்தவரை இவையொன்றும் தேவைப்படவில்லை. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரக் கப்பற் கம்பனி ஒன்றை நடத்திய அல்பேர்ட் பலின் என்பவருக்குத்தான் ஒரு யோசனை தோன்றியது. குளிர்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் பயணிகள் குறைந்து, பெரிய கப்பல்கள் சும்மா கிடந்தன. 1891இல் அவர் "ஒகஸ்டா விக்டோரியா" என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாவாக அனுப்பினார். அது வெற்றியளிக்கவே, சுற்றுலாவுக்கென்றே "பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ்" என்ற கப்பலை 1900இல் கட்டுவித்தார். அது 1906இல் ஜமைக்காவின் கரையோரத்தில் தரைதட்டி அழிந்தது வேறு கதை.

பெரிய மாற்றம் வானத்திலிருந்து வந்தது. 1958இல் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கின. பல நாள் எடுத்த பயணம் சில மணி நேரத்துக்குச் சுருங்கியது. பயணிகளை இழந்த கப்பற் கம்பனிகள் பயணத்துக்குப் பதிலாகப் பொழுதை விற்கத் தொடங்கின. ரோயல் கரீபியன் கம்பனியின் முதற் கப்பலான "சோங் ஒஃப் நோர்வே" 1970இல் வந்தபோது அதன் அளவு 18,000 தொன்னைச் சற்றுத் தாண்டியிருந்தது. 1988இல் 73,000 தொன், 2009இல் 225,000 தொன் என்று அதே கம்பனியின் கப்பல்கள் பெருத்தன. போகும் இடம் எது என்பது பின்னுக்குப் போய்விட்டது. கப்பலே போகும் இடமாயிற்று. நடுக்கடலில் கழியும் நாட்களை எதைக் கொண்டு நிரப்புவது? எந்தக் காலத்திலும் சலிக்காத பொழுதுபோக்கு ஒன்று உண்டல்லவா? அதுதான் சாப்பாடு.

மேசைக்கு மேசை வித்தியாசம்

இக்கப்பலில் உணவருந்தும் இடங்கள் 20க்கும் அதிகம். மூன்று மாடி உயரமுள்ள பெரிய சாப்பாட்டு மண்டபம், விரும்பியதை எடுத்துச் சாப்பிடும் புஃபே மண்டபம், பீட்ஸாக் கடை, ஜப்பானிய உணவகம், இறைச்சி உணவகம் என்று பலவகை.

பெரிய மண்டபத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. மாலை 6 மணி அளவில் முதற் பந்தி, 8 மணிக்குப் பிறகு இரண்டாம் பந்தி. நமது கல்யாண வீட்டுப் பந்திகளைப் போலத்தான். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேசை இலக்கம் கொடுக்கப்படும். ஏழு இரவும் அதே மேசை, அதே பரிசாரகர். இரண்டாம் இரவில் அவருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். மூன்றாம் இரவில் உங்கள் மகனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்கும். முன்னர் பின்னர் அறியாத இரு குடும்பங்கள் ஒரே மேசையில் ஏழு இரவு அமர்ந்து உறவினர் போலப் பழகிவிடுவதும் உண்டாம். இப்போது விரும்பிய நேரத்தில் வந்து விரும்பிய மேசையில் அமரும் முறையையும் கொண்டுவந்துவிட்டார்கள். வசதிதான். எனினும் பழைய முறையே எனக்குப் பிடித்திருக்கிறது.

"எல்லாச் சாப்பாடும் கட்டணத்தில் அடக்கம்" என்று விளம்பரத்தில் இருக்கும். பெரிய மண்டபத்துக்கும் புஃபேக்கும் அது பொருந்தும். இறைச்சி உணவகத்துக்கும் ஜப்பானிய உணவகத்துக்கும் தனிக் காசு. சோடா வகைகளுக்குத் தனிக் காசு. மதுவுக்குத் தனிக் காசு. கப்பல் கரையை விட்டு நீங்கியதும் சூதாட்ட மண்டபம் திறக்கும். ஏறும்போது கொடுத்த கட்டணம் வாசற் கதவைத்தான் திறக்கிறது. உள்ளே போனபின் செலவழிப்பதில்தான் கம்பனிகள் பெரும் இலாபம் காண்கின்றன. காசைக் கையால் தொடவும் வேண்டாம். அறைத் திறப்பாகக் கொடுக்கப்படும் அட்டையைக் காட்டினால் போதும், கணக்கு ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் காலையில் பட்டியலைப் பார்த்து விழிப்பவர்கள் பலர்.

டைட்டானிக்கில் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பார் வெவ்வேறு மண்டபங்களில் சாப்பிட்டார்கள். பின்னாளைய உல்லாசக் கப்பல்கள் எல்லாரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்தின. இப்போது மறுபடியும் பழைய கதை திரும்புகிறது. அதிகக் காசு கொடுத்துப் பெரிய அறைகளை எடுத்தவர்களுக்கென்று தனி உணவகம், தனி வெயில் காயும் மாடம். மற்றவர்களின் அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது. ஒரே சஹனைச் சுற்றி ஆறு பேர் அமரும் நமக்கு இது விநோதமாகத்தான் தெரியும்.

முஸ்லிம் பயணிகளின் நிலை என்ன? முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஹலால் உணவு தர முயலும் கம்பனிகள் சில உள்ளன. கேட்காமல் ஏறி, புஃபே மண்டபத்தில் "இது கோழிதானே" என்று எடுத்துவிட முடியாது. சோஸ் வகைகளில் வைன் சேரும். ஜெலி, புடிங் போன்றவற்றில் ஜெலற்றின் இருக்கும். பன்றி இறைச்சி கிள்ளிய அதே இடுக்கியால் அடுத்த தட்டையும் கிள்ளுவார்கள். மீன், முட்டை, மரக்கறி என்று சமாளித்துக்கொண்டவர்களே அதிகம். 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து "அரோயா" என்ற கப்பல் செங்கடலில் ஓடத் தொடங்கியது. 2017இல் ஜெர்மனியில் கட்டப்பட்டு "வேர்ல்ட் ட்ரீம்" என்ற பெயரில் ஆசியக் கடல்களில் ஓடிய கப்பலைச் சவூதி நிறுவனம் வாங்கி மாற்றியமைத்தது. அதில் மதுவும் இல்லை, சூதாட்டமும் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தொழுகை அறைகள் உண்டு. சந்தோஷம். ஆனால் புஃபே மேசையின் நீளம் அங்கும் குறைந்ததாகத் தெரியவில்லை!

நெருப்பில்லாத அடுப்பு

சனிக்கிழமை அதிகாலையில் கப்பல் மியாமியை அடைகிறது. மாலையில் மீண்டும் புறப்பட வேண்டும். அந்தப் பகற்பொழுதுக்குள் ஆயிரக்கணக்கானோர் தம் பெட்டிகளுடன் இறங்க, ஆயிரக்கணக்கானோர் புதிதாக ஏறுகிறார்கள். அதே வேளையில் கீழே, கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக, ஒரு வாரத்துக்கான உணவு முழுவதும் ஏற்றப்படுகிறது. லொறிகள் வரிசையில் நிற்கும். இறைச்சிக்கு ஒரு குளிர் அறை, மீனுக்கு இன்னொன்று, பாலுக்கும் பழத்துக்கும் வேறு வேறு. எது மறந்துபோனாலும் நடுக்கடலில் ஈடுசெய்ய இயலாது. ஆகவே எந்த இரவில் எத்தனை பேர் மீன் கேட்டார்கள், எத்தனை பேர் கோழி கேட்டார்கள் என்று ஒவ்வொரு பயணத்திலும் குறித்துவைத்து, அடுத்த பயணத்துக்கான அளவைக் கணக்கிடுகிறார்கள்.

இத்தகைய குசினிகளில் நெருப்பைக் காண முடியாது என்பது நம் தாய்மாருக்கு ஆச்சரியமாக இருக்கும். கடலில் கப்பலுக்குப் பெரிய எதிரி தண்ணீரை விடத் தீதான். எனவே எரிவாயு அடுப்புக்கு இடமில்லை, எல்லாம் மின்சாரம். மின்சாரம் தருபவை கீழேயுள்ள ஆறு பெரிய இயந்திரங்கள். அவை திரவ இயற்கை வாயுவில் இயங்குகின்றன. புகையும் கந்தகமும் குறைவு என்கிறது கம்பனி. எரியாமல் தப்பும் மீதேன் வாயு பூமியைச் சூடாக்குகிறதே என்கிறார்கள் சுற்றாடல் ஆய்வாளர்கள். இரண்டும் உண்மைதான். குடிக்கவும் சமைக்கவும் தேவையான நன்னீரில் பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிக் கப்பலிலேயே பெறுகிறார்கள்.

சுத்தம் பற்றிய விதிகள் கடுமையானவை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து சோதித்து, 100க்குப் புள்ளி போடும் திட்டம் 1970களிலிருந்து இருந்து வருகிறது. 85 புள்ளி எடுத்தாலும் தோல்விதான், 86 வேண்டும்! நம் பிள்ளைகள் 86 எடுத்தால் வீட்டில் இனிப்புப் பகிர்கிறோம். பெறுபேறுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். அவ்வளவு கண்காணிப்பும் எதற்கென்றால், நோரோ வைரஸ் எனப்படும் வயிற்றோட்டக் கிருமி ஒரு கப்பலில் புகுந்துவிட்டால் ஒரு புஃபே கரண்டி வழியாகவே நூற்றுக்கணக்கானோரைப் படுக்கையில் விழுத்திவிடும். கைகளில் தடவும் அற்ககோல் திரவத்துக்கு இந்தக் கிருமி அவ்வளவாக அஞ்சுவதில்லை. சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் மருந்து. ஐந்து வேளை வுழூச் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சவர்க்காரத்தை மட்டும் மறக்காமல் இருந்தால் சரி.

மிஞ்சியது எங்கே போகிறது?

புஃபே மேசையின் இயல்பு ஒன்று உண்டு. கண் எடுப்பதை வயிறு முடிப்பதில்லை. கடலுணவு ஒரு தட்டு, இறைச்சி ஒரு தட்டு, இனிப்பு ஒரு தட்டு என்று எடுத்து, பாதியில் விட்டுவிட்டு நீச்சல் தடாகத்துக்குப் போய்விடுவார்கள். காசு ஏற்கனவே கொடுத்தாயிற்று அல்லவா? இஸ்ராஃப், அதாவது வீண்விரயம் என்ற சொல்லுக்கு வகுப்பில் உதாரணம் தேடும் ஆசிரியர்கள் இந்த மண்டபத்தைச் சொல்லலாம். நம் வலீமாக்களில் நடப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

மிஞ்சிய உணவைக் கடலில் கொட்டலாமா? சர்வதேசச் சட்டம் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. பொதுவாக, கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் அரைத்துக் கொட்டலாம். அரைக்காமல் கொட்டுவதென்றால் 12 கடல் மைலுக்கு அப்பால் போக வேண்டும். கரீபியன் கடல் விசேட பாதுகாப்புக்குரிய பகுதி என்பதால் அங்கு 12 மைலுக்கு அப்பாலும் அரைத்தே கொட்ட வேண்டும். பிளாஸ்டிக் எங்கேயும் கூடாது. சட்டம் இப்படி இருக்க, 2019இல் கார்னிவல் என்ற பெரும் கப்பற் கம்பனி, பிளாஸ்டிக் கலந்த உணவுக் கழிவைப் பஹாமாஸ் கடலில் விட்டது உட்படப் பல குற்றங்களை மியாமி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 20 மில்லியன் டொலர் அபராதம் செலுத்தியது. அதன் கிளைக் கம்பனி ஒன்று எண்ணெய்க் கழிவைக் கடலில் விட்டதற்காக 2017இல் 40 மில்லியன் டொலர் தண்டனை பெற்று, கம்பனி நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருந்த காலத்திலேயே இது நடந்தது.

தட்டைச் சுமப்பவர்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இத்தகைய பெரிய கப்பலொன்றில் உதவிப் பரிசாரகராக இருக்கிறார். கப்பலின் பெயரையும் கம்பனியின் பெயரையும் எழுத வேண்டாமென்றார், எழுதவில்லை. விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு மாலை முழுவதும் அமர்ந்து கதைத்தார்.

அவரது அறை நீர்மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு கட்டில்கள், இருவர். உடன் இருந்தவர் இந்தோனேசியர். வேலை செய்வோரில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாட்டவரே அதிகம். ஊழியருக்குத் தனிச் சாப்பாட்டறை. பயணிகளின் மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஊழியர் மேசையில் எந்த நாளும் சோறு உண்டு என்பது ஓர் ஆறுதல் என்றார். ஒப்பந்தம் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் முழுநாள் விடுமுறை என்று ஒன்று இல்லை. வாரத்தில் ஏழு நாளும் வேலை. இடையிடையே சில மணி நேரங்கள் கிடைக்கும். துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பதற்கு அது போதும்.

நோன்பு காலத்தைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். முதற் பந்தி நடக்கும் நேரமும் சூரியன் மறையும் நேரமும் ஒன்றாக வந்து விழுந்த நாட்கள் அவை. மண்டபம் நிறைந்திருக்கும். கையில் மூடி போட்ட தட்டுகள் அடுக்கிய பெரிய தாம்பாளம். "மஃரிபுக்கு முன்னமே ஈத்தம்பழத்தக் கடதாசில சுத்திப் பொக்கட்டுல போட்டுக்குவேன் ஹஸரத். நேரம் வந்தாப் போல, குசினிக் கதவுக்கும் மண்டபக் கதவுக்கும் இடையில ஒரு சின்ன ஒழுங்கை இருக்கு. அதுல நடக்கக்குள்ளதான் நோன்பு தொறக்குற. நின்றா பின்னால வாறவன் மோதுவான்." வேலை முடிந்து அவர் சாப்பாட்டில் உட்காரும்போது இரவு 11 மணியாகும். கப்பல் இடம் மாற மாற நேரமும் மாறும். இன்று மஃரிப் 6.40 என்றால் இரண்டு நாளில் அது 7.05 ஆகிவிடும். கடிகாரத்தை நம்பாமல் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்துப் பழகிவிட்டாராம்.

பயணத்தில் இருப்பவருக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை உண்டு என்பதை அவர் அறிவார். ஓதியவரல்லவா? "பிறகு கழாச் செய்ற நாளும் கப்பல்லதானே ஹஸரத்" என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி அடிப்படைச் சம்பளம் அல்ல. பயணிகள் தரும் சந்தோஷப் பணம். அமெரிக்கச் சந்தையின் பெரிய கம்பனிகள் பலவற்றில் ஒரு பயணிக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரை பட்டியலில் தாமாகவே சேர்க்கப்படும். அதைப் பல ஊழியர் பங்கிட்டுக்கொள்வர். விரும்பாத பயணி கருமபீடத்துக்குப் போய் அதை நீக்கச் சொல்லலாம். ஏழு இரவு பெயர் சொல்லிச் சிரித்துப் பேசிவிட்டுக் கடைசி இரவில் அதை நீக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்களாம். அவர் இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் வந்தது.

கப்பல் ஊழியருக்கான சர்வதேச உடன்படிக்கை 2006இல் நிறைவேறி 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றோ, வாரத்தில் 77 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்றோ ஒரு நாடு சட்டம் செய்யலாம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். 77ஐக் கழித்தால் 91 மணி நேரம் வரை வேலை வாங்க வழி இருக்கிறது! எந்த நாட்டின் சட்டம் என்பதைக் கப்பலில் பறக்கும் கொடி தீர்மானிக்கும். மியாமியிலிருந்து ஓடும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கொடியைப் பறக்க விடுவதில்லை. "ஐகோன்" பறக்க விடுவது பஹாமாஸ் கொடி. வேறு கப்பல்களில் பனாமா, பெர்மூடா, மோல்ட்டா கொடிகளைக் காணலாம். வரியும் சம்பளச் செலவும் குறைவு என்பதே காரணம்.

2020இல் வெளிச்சத்துக்கு வந்தவை

மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் உள்ள தூரத்தை உலகம் கண்டது 2020 பெப்ரவரியில். "டயமண்ட் பிரின்செஸ்" என்ற கப்பல் ஜப்பானின் யோக்கஹாமாவில் தடுத்து வைக்கப்பட்டது. பயணிகளும் ஊழியருமாக 3,711 பேர். பயணிகளை அறைகளுக்குள் இருக்கச் சொன்னார்கள். ஆனால் அறைக்குள் இருப்பவருக்கும் மூன்று வேளை சாப்பாடு வேண்டுமே. ஊழியர் சமைத்தார்கள், கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பிறகு இருவர் படுக்கும் தங்கள் சிறிய அறைகளுக்குத் திரும்பினார்கள். அக்கப்பலில் மொத்தம் 712 பேருக்குக் கொவிட் தொற்றியது. ஊழியரில் முதலில் தொற்று உறுதியான 20 பேரில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று பின்னர் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அதே ஆண்டு உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டிருந்த "எம்எஸ்சி மக்னிஃபிக்கா" என்ற கப்பல், துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதால் கடலில் அலைந்தது. அதில் சமையற்காரராக நம் நாட்டவர் ஒருவர் இருந்தார். கப்பல் இலங்கைப் பக்கமாக வருவதை அறிந்து, தன்னைத் தாய்நாட்டில் இறக்கிவிடுமாறு அவர் விடுத்த வேண்டுகோளை நம் தொலைக்காட்சி காட்டியது உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். 2020 ஏப்ரல் 6ஆம் திகதி கப்பல் கொழும்பில் நின்றது. கடற்படையினர் அவரை இறக்கித் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டு சென்றார்கள். அவருக்கு வாய்த்தது எல்லாருக்கும் வாய்க்கவில்லை. பயணிகள் வீடு போய்ச் சேர்ந்த பின்னரும், வெற்றுக் கப்பல்களில் மாதக் கணக்காகக் காத்திருந்த ஊழியர் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அப்படியென்றால் போக வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் மாணவர் அந்தச் சம்பாத்தியத்தில் தங்கைக்குக் கலியாணம் செய்து வைத்தார். வாப்பாவின் கடனை அடைத்தார். போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முகவர் "வேலை வாங்கித் தருகிறேன், இத்தனை இலட்சம் தாருங்கள்" என்றால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். மேற்சொன்ன உடன்படிக்கை, கப்பல் ஊழியரிடம் வேலை தேடிக் கொடுத்ததற்காகக் கட்டணம் அறவிடுவதைத் தடுக்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு, கடலோடிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசாவின் செலவு கப்பல் சொந்தக்காரருடையது. அந்த முகவர் அரசாங்கத்தின் அனுமதி பெற்றவரா என்பதை நேரில் போய் விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சந்தோஷப் பணத்தை நம்பிச் சொல்லும் தொகை எவ்வளவு என்பதைப் பிரித்துக் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பும் செலவு யாருடையது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஊழியருடையதாக இருக்கக்கூடாது. கையெழுத்திடுமுன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளங்கியவர் ஒருவரிடம் காட்டி ஆலோசனை கேட்க அவகாசம் கொடுப்பது அவர்கள் கடமை. கையெழுத்திட்ட பத்திரத்தில் ஒன்று பிள்ளையிடம் இருக்க வேண்டும். அதன் பிரதியொன்று வீட்டில் உம்மாவிடம் இருக்கட்டும். அதில் கப்பல் சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். முகவரின் பெயர் மட்டும் இருந்தால் கையெழுத்திட வேண்டாம்.